வண்டலூருக்குப் போக ஒரு ஞாயிறு

வண்டலூர்ப் பேச்சு எங்கள் வீட்டுக்குள் அம்மையோடு சேர்ந்து வந்தது. என் மகள் மூன்றாவது படித்த வருஷம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சிங்கம் பார்க்க வண்டலூருக்கு அழைத்துப் போனார்கள். அதற்கு முந்தின வாரம் இவளுக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலைமேல் படுத்துக்கொண்டு, பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துத் திரும்புகிற சத்தத்தைக் கேட்டாள். அப்போது அழவில்லை. தலைக்குத் தண்ணி ஊற்றி மறுபடி பள்ளிக்கூடம் போன அன்று சாயங்காலம், பையைக்கூடக் கழற்றாமல் வந்து அழுதாள்.

"எல்லாரும் பாத்துட்டாங்க எம்மா. நாமதான் வண்டிக்குள்ள கம்பி போட்டுக்கினு ஒக்காரணுமாம். சிங்கம் அதுபாட்டுக்கு வெளிய சுத்திக்கினு கீதாம். வண்டியாண்ட வந்து மோந்து பாத்துச்சாம்."

"கதவத் தொறந்தா?" என்று கேட்டான் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த அவள் தம்பி.

"தொறக்கவே மாட்டாங்கடா லூசு."

என் வீட்டுக்காரர் கை கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பெண்பிள்ளை அழுதால் தாங்காது. "அறுப்பு முடியட்டும். எல்லாருமா போய்ட்டு வந்துடலாம்" என்றார்.

எல்லாரும் என்று அவர் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து எங்கேயும் போக முடியாது என்பது அவருக்கு அந்த நேரம் நினைவில்லை. எனக்கு அது மறந்த நேரமே கிடையாது.

வீட்டில் நாங்கள் நால்வரும் என் மாமனாரும். மாமியார் நான் கல்யாணமாகி வந்த மறு வருஷமே போய்விட்டார். வீட்டுக்காரரோடு பிறந்தது ஒரே ஒரு அக்கா. அவரைப் பழையசீவரத்தில் கொடுத்திருந்தது. அம்மை போட்ட வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில், கழனியில் மடை திருப்பிக்கொண்டிருந்த மாமனார் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். வாதம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, வலது கையும் வலது காலும் வராமலே வீட்டுக்குத் தூக்கி வந்தோம். பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் தங்கியிருந்தது.

"இல்ல."

தண்ணி வேண்டுமென்றாலும் இல்ல. வயிறு நிறைந்துவிட்டாலும் இல்ல. படுக்கை நனைந்துவிட்டால் இல்ல, கொசு கடித்தால் இல்ல, பேரன் பக்கத்தில் வந்து நின்றால் அதற்கும் இல்ல. அவரைத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்திருக்காது. நன்றாக இருந்த காலத்தில் அவர் அதிகம் சொன்ன வார்த்தை, "நம்ம வூட்டுல அந்தப் பயக்கம் இல்ல." உத்திரமேரூர் பஜாரில் தையல் கிளாஸ் ஆரம்பித்திருக்கிறார்கள், போகட்டுமா என்று கேட்டபோது அதைத்தான் சொன்னார். அங்கன்வாடிக்கு ஆள் எடுக்கிறார்கள், எழுதிப் போடட்டுமா என்றபோதும் அதைத்தான். கை ஓங்கியதில்லை, சோற்றுக்குக் குறை வைத்ததில்லை, என்னை ஒரு நாளும் மரியாதைக் குறைவாகக் கூப்பிட்டதில்லை. வாசற்படி மட்டும் அவருடையதாக இருந்தது. வாதம் வந்து அந்த நீளமான பேச்சில் கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டு போயிற்று.

அந்த ஒரு சொல்லில் எத்தனை சொல் இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. இழுத்துச் சொன்னால் தண்ணி. தொண்டைக்குள் முனகினால் முதுகு வலிக்கிறது, புரட்டிப் போட வேண்டும். வெடுக்கென்று ரெண்டு தரம் வந்தால் ஓட வேண்டும், பெட் பேன் வைக்க. யாரும் கற்றுத்தரவில்லை. புரியாமல்போய் நானே துவைத்துத் துவைத்துக் கற்றுக்கொண்டது. அவருக்கும் கூச்சம், மருமகள் கையால் இப்படி ஆகிறதே என்று முதல் மாதங்களில் கண்ணை இறுக மூடிக்கொள்வார். பிறகு அவருக்கும் பழகிவிட்டது, எனக்கும் பழகிவிட்டது.

பழகிவிட்டது என்று எழுதுகிறேன். ஆனால் என் காதைப் பற்றி எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மாட்டுக்கொட்டகையில் பால் கறக்கும்போது ஒரு காது வீட்டுக்குள் இருக்கும். குளிக்கும்போது சொம்பை நிறுத்தி நிறுத்திக் கேட்பேன். என் தங்கை கல்யாணம் வாலாஜாபாத்தில் நடந்தது. காலையில் போய், தாலி கட்டியதும் ஒரு வாய் சாப்பிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அந்த மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்கு "இல்ல" கேட்டது. திரும்பிப் பார்த்தால் யாரோ சாம்பார் வேண்டாம் என்கிறார்கள்.

இந்த நிலைமையில்தான் நான் வண்டலூருக்குத் திட்டம் போட ஆரம்பித்தேன்.

எதிர்வீட்டுக்காரரிடம் ஒரு வேன் இருந்தது. வார நாளில் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும். ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கும். அவர் சம்சாரம் என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்கும் மூன்று பிள்ளைகள். இரண்டு குடும்பமும் சேர்ந்து போனால் வேன் நிறைந்துவிடும். அக்கா ஏற்கெனவே ஒரு தரம் வண்டலூர் போயிருந்தார். குழாயடியில் குடம் நிறைகிற நேரமெல்லாம் எங்களுக்கு அந்தப் பேச்சுதான்.

"செவ்வாக்கெயம லீவு, அது ஒண்ண ஞாபகம் வெச்சிக்க. காலைல மொத வண்டியில ஏறிடணும். வெயில் ஏறிச்சின்னு வெச்சிக்கோ, சிங்கம்லாம் பொதருக்குள்ள போயி படுத்துக்கும். வாலு கூடத் தெரியாது."

"எத்தினி நேரம்க்கா உள்ள சுத்திக் காட்டுவாங்க?"

"அது கீது, கொஞ்ச நேரம். ஆனா அந்தக் கொஞ்ச நேரம் ஒடம்பே ஜில்லுனு ஆயிடும் பாரு."

சாப்பாடு புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம் தனி. குரங்கு பிடுங்கும், அதனால் ஒயர்கூடை வேண்டாம், மூடி போட்ட தூக்கு. சின்னவனுக்கு வேனில் வாந்தி வரும், எலுமிச்சம்பழம். இதையெல்லாம் மாமனாருக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டிக்கொண்டே மனசுக்குள் அடுக்குவேன். இடது பக்கக் கன்னத்தில் கரண்டியை வைத்து, விழுங்குகிற வரை காத்திருந்து, அடுத்த கரண்டி. அந்தக் காத்திருப்பில் நான் செங்கல்பட்டைத் தாண்டிப் போய்விடுவேன்.

திட்டம் போடப் போடத்தான் ஒரு விஷயம் தெரிந்தது. இந்த வீட்டை விட்டு ஒரே ஒரு நாள் வெளியே போக இத்தனை முடிச்சை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. மாட்டைக் கறந்து பாலைச் சொசைட்டியில் ஊற்ற யாராவது வேண்டும். மும்முனைக் கரண்ட் ஒரு வாரம் காலையில் வரும், ஒரு வாரம் மத்தியானம் வரும். மோட்டார் போட ஆள் வேண்டும். இதெல்லாம்கூடச் சொல்லி வைத்துவிடலாம். கட்டிலில் படுத்திருக்கிறவரை யாரிடம் சொல்லி வைப்பது? அதுவரை நான் வேலை அதிகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வழி இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு பக்கமாகப் போய் முட்டிப் பார்த்த பிறகுதான் சுவர் இருப்பது தெரிகிறது.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உங்க நைனாவ யாரு பாத்துக்கறது?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றார். அவர் பொல்லாதவர் இல்லை. அவருக்கு அது நிஜமாகவே பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயமாகத்தான் தெரிந்தது. ஏனென்றால் அதுவரை அது எப்படியோ பார்த்துக்கொள்ளப்பட்டுக்கொண்டே இருந்தது.

அறுப்பு முடிந்தது. ஆள் கிடைக்காமல் இழுத்து, போரடித்த மறுநாள் மழை வந்து வைக்கோல் நனைந்து, அதைப் புரட்டிக் காயப்போடுவதில் ஒரு ஞாயிறு போயிற்று. அடுத்த ஞாயிறு எதிர்வீட்டு வேன் கல்யாணத்துக்குப் போயிற்று. காணும் பொங்கலுக்குப் போகலாமா என்றார் வீட்டுக்காரர்; அன்றைக்கு ஊரே அங்கேதான் இருக்கும், சிங்கத்தைவிட ஜனத்தைத்தான் பார்க்க வேண்டிவரும் என்றார் அக்கா. அதற்கடுத்து மோட்டார் காயில் எரிந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. நியாயமாக இருந்ததால் யார்மேலும் கோபப்படவும் முடியவில்லை.

மகள் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தபோது தொல்லையாக இருந்தது. நிறுத்தியபோது மறுபடி கேட்கமாட்டாளா என்று இருந்தது. தம்பியைக் கூட்டிக்கொண்டு தாத்தாவின் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். மேலே போட்ட துப்பட்டி நாலு பக்கமும் தொங்கும். அதுதான் வண்டி. ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்ப்பார்கள்.

"ஷ்... சத்தம் போடாத. சிங்கம் வருது."

"எங்க?"

"மேலதான் படுத்துக்கினு கீதுடா. தாத்தாதான் சிங்கம்."

"இல்ல" என்றார் மேலே இருந்தவர்.

பிள்ளைகள் வீரிட்டுச் சிரித்தார்கள். நான் அடுப்பை விட்டு ஓடி வந்தேன். அவர் முகத்தின் பாதி இழுத்துக்கொண்டு, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. சிரிப்பா அழுகையா என்று பார்ப்பதற்குள் நின்றுவிட்டது. பெட் பேன் எடுத்துக்கொண்டு வந்த கையோடு அங்கேயே நின்றேன். அவருக்கும் எல்லாம் காதில் விழுகிறது, வண்டலூர், வேன், புளிசாதம், யார் பார்த்துக்கொள்வது என்கிற பேச்சு உட்பட எல்லாம் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்தபடி அதையெல்லாம் கேட்டிருக்கிறார்.

கடைசியில் நான் பழையசீவரத்துக்குப் போன் போடச் சொன்னேன். நாத்தனார் ஒரு நாள் வந்து அப்பாவோடு இருந்தால் போதும். அவர் ஒத்துக்கொண்டார். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. முன்னாலேயே ஒரு நாள் வந்து எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வந்தார்.

"எங்கப்பாவ எனக்குப் பாத்துக்கத் தெரியாதா?" என்றார் உள்ளே நுழையும்போது.

நான் மாமனாரைப் புரட்டி, துடைத்து, துணி மாற்றிக் காட்டினேன். நாத்தனார் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கிளம்பும்போது கட்டிலண்டை குனிந்து, "நான் வரேம்பா ஞாயித்துக்கெயம. நீ பேஜார் பண்ணாம இருக்கணும், இன்னா?" என்று குழந்தையிடம் பேசுவதுபோல் உரக்கச் சொன்னார். அப்பாவுக்குக் காது நன்றாகத்தான் கேட்டது.

"இல்ல" என்றார் மாமனார்.

அந்த ஞாயிறு வந்தது. விடிவதற்கு முன்பே புளிசாதம் கிளறியாகிவிட்டது. பிள்ளைகளைக் குளிப்பாட்டி, மகளுக்குப் பொங்கலுக்கு எடுத்த பாவாடை, மகனுக்குப் புது டிராயர். மாமனாருக்கும் மேல் கழுவி வேட்டி மாற்றி, கஞ்சியைச் சூடு ஆறாமல் சொம்பில் மூடி வைத்து, மாத்திரையைத் தனியாக எடுத்து வைத்தேன். நானும் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் ஒன்றைக் கட்டிக்கொண்டேன். வேன் வாசலில் வந்து நின்றது. பழையசீவரத்திலிருந்து முதல் பஸ் வருகிற நேரம். மகன் தெருமுனையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பஸ்ஸு வந்துச்சி, அத்தை வர்ல" என்றான்.

கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் வந்தார். எங்கள் தெருவுக்கு அப்போது அவர் கடையில்தான் போன். நாத்தனாரின் மாமியார் குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டாராம், இடுப்பில் அடியாம், வர முடியாதாம்.

பொய்யாக இருக்காது. அவர் வீட்டிலும் ஒரு கட்டில் போட வேண்டியதாகிவிட்டது, அவ்வளவுதான்.

நான் வாசலில் நின்றேன். வீட்டுக்காரர் தூக்கை வேனுக்குள் வைத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். "செரி, நீ இரு. நான் பசங்கள இட்டுக்கினு போய் காட்டிட்டு வந்துட்றேன்."

அதட்டிச் சொல்லவில்லை. ஆறிப்போய்விடும் காபியைக் குடி என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மகள் என் புடவையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"நீங்க இருங்க" என்றேன்.

"இன்னா?"

"நீங்க இருங்க. நான் போய்ட்டு வரேன்."

"நானா? நான் இருந்து இன்னா பண்றது?"

"நான் இருந்து இன்னா பண்றனோ அத. உங்க நைனாதான?"

வேனுக்குள்ளிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். கடைக்காரர் போகிறவர் போகாமல் நின்றார். வீட்டுக்காரரின் முகம் சிவந்தது. என்னை அதட்டுவதற்கும் அவருக்கு வழக்கமில்லை; அதற்கெல்லாம் அவர் அப்பா இருந்தார்.

"ஆம்பளயால அதெல்லாம் எப்பிடி ஆவும்?" என்றார் தணிந்த குரலில்.

"ஆம்பளக்கு ஆம்பளதாங்க செய்யணும். நாயமா பாத்தா நான்தான் செய்யக் கூடாது. அவுரு மொத மாசம்லாம் கண்ண மூடிக்கினு கெடந்தாரு."

அப்போது ஜன்னல் வழியாக உள்ளிருந்து குரல் வந்தது. ஒரே தரம். உரக்க.

"இல்ல!"

"கேட்டியா? நைனாவே வோணான்றாரு" என்றார் வீட்டுக்காரர்.

நான் உள்ளே போனேன். மாமனார் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். இடது கை தூக்கியிருந்தது, விரல்கள் விரிந்திருந்தன. அவருடைய எல்லா இல்லையும் எனக்குத் தெரியும் என்று சொன்னேனே, அந்த ஒன்று தெரியவில்லை. போகாதே என்றாரோ, இவனால் ஆகாது என்றாரோ, போ என்றாரோ. இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். அன்றைக்கு நின்று யோசிக்கவில்லை. அந்தக் கையை எடுத்து நெஞ்சுமேல் வைத்துவிட்டு, "உங்க புள்ள கீறாரு, பாத்துப்பாரு. நான் சாயங்காலம் வந்துடுவேன் மாமா" என்றேன். வெளியே வந்து வேனில் ஏறினேன். வேன் தெருவைத் தாண்டுகிறவரை திரும்பிப் பார்க்கவில்லை. தாண்டியதும் தலையை முன்சீட்டில் சாய்த்துக்கொண்டேன். அக்கா எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் கொடுத்தார், மகனுக்கு வைத்திருந்தது.

தாமதமாகக் கிளம்பியதால் வண்டலூர் சேரும்போது சிங்கம் பார்க்கிற முதல் வண்டி போய்விட்டிருந்தது. வரிசையில் நின்றோம். செங்கல்பட்டு தாண்டியதிலிருந்து நான் மாத்திரையை நினைத்துக்கொண்டிருந்தேன். பொடித்துத் தேனில் குழைக்க வேண்டும், அப்படியே போட்டால் புரையேறும், சொன்னேனா இல்லையா? இத்தனை நாள் மனசுக்குள் வண்டலூருக்கு வந்து வந்து போன நான், வண்டலூரில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போய்ப் போய் வந்தேன்.

எங்கள் முறை வந்தது. ஜன்னலெல்லாம் கம்பிவலை அடித்த வண்டி. ஒரு இரும்புக் கதவு திறந்தது, வண்டி உள்ளே போய் நின்றது, பின்னால் அந்தக் கதவு மூடியது. முன்னால் இன்னொரு கதவு. அது இன்னும் திறக்கவில்லை. முன்னாலும் பின்னாலும் கதவு மூடி இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் திரும்பித் திரும்பிப் பின்கதவைப் பார்த்தேன். இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. முன்கதவு திறந்தது.

சிங்கம் ஒன்றும் மோந்து பார்க்க வரவில்லை. தூரத்தில் புதருக்குள் பழுப்பாக ஏதோ கிடந்தது. அதுதான் சிங்கம் என்றார் கூட வந்த காவலர். மகள் வலையில் முகத்தை அழுத்திப் பார்த்து, "அது பாறைம்மா" என்றாள். மகன் என் மடியில் தூங்கியே போனான். வண்டி வளைந்து திரும்பியது, சட்டென்று நின்றது. பாதையின் குறுக்கே ஒரு பெண்சிங்கம் படுத்திருந்தது.

ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். "ஹாரன் அடிக்கக் கூடாது. அதுவா ஏந்து போனாத்தான்" என்றார். வண்டிக்குள் முதலில் ஒரே உற்சாகம். பிறகு வெயில் ஏறியது. யாருடைய கைக்குழந்தையோ அழுதது. பின்சீட்டுப் பெரியவர், "இன்னாப்பா, பொழுதுக்கும் இங்கியே கெடக்கணுமா?" என்று முணுமுணுத்தார். மகள் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "போலாம் எம்மா, வூட்டுக்குப் போலாம்" என்றாள் காதோடு.

எனக்கு மட்டும் அவசரமில்லை. எவ்வளவு நேரம் போயிற்றோ, கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன்: தோள் இறங்கியிருந்தது, சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மாத்திரை ஞாபகம் வந்தது. வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. யார் கூப்பிட்டாலும் என்னால் எழுந்து போக முடியாது, இந்தப் பக்கம் கதவு, அந்தப் பக்கம் சிங்கம். கல்யாணமான பிறகு அப்படி ஒரு இடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. அது எழுந்து போகாவிட்டால்கூட எனக்குச் சம்மதம்தான் என்று தோன்றியது. அது காதை மட்டும் அசைத்துக்கொண்டு கிடந்தது. பிறகு எழுந்து, உடம்பை முறித்து, எங்களை ஒரு பொருட்டாகவே பார்க்காமல் புல்லுக்குள் நடந்து போயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்தோம். வாசலில் கொடி முழுக்கத் துணி. வேட்டிகள், துப்பட்டி, பிள்ளைகள் போர்த்துகிற கம்பளிகூட. வீட்டுக்காரர் தலை ஈரத்தோடு படியில் உட்கார்ந்திருந்தார். மகள் ஓடிப்போய்ச் சிங்கக் கதையை ஆரம்பித்தாள். "செரிம்மா, செரிம்மா" என்றாரே தவிர கேட்டதாகத் தெரியவில்லை.

உள்ளே போனேன். மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். முகம் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்காரர் ஷேவ் செய்து விட்டிருந்தார். தாடையில் ஒரு வெட்டு, அதில் படிகாரம். என்னால் செய்ய முடியாமல் நாவிதர் வரும் வரை விட்டுவைக்கிற வேலை அது.

நான் அடுப்புப் பற்றவைத்தபோது வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். "மத்தியானம் கரண்ட் வந்துச்சி. மோட்டாருக்குப் போவல" என்றார். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "அந்தாண்ட இந்தாண்ட நவுர முடியல" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் அவரிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். வேனில் வரும்போது அவரிடம் சொல்வதற்கென்று சிலது யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு மிச்சமிருந்த புளிசாதத்தைப் போட்டு வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி கேட்டார்: "தண்ணிக்கு எப்பிடி சொல்வாரு?"

"இழுத்தா தண்ணி."

"ரெண்டு தரம் சொன்னா?"

"ஓடணும்."

"அது தெரிஞ்சிபோச்சி" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

அன்றிலிருந்து எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் அது கதை. மறுநாள் காலையில் பெட் பேன் எடுத்தது நான்தான். மாமனார் அதற்கு அடுத்த அறுப்பு வரை இருந்தார்; அதுவரை கட்டிலண்டை இருந்ததும் நான்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவைக் குளிப்பாட்டி, பொழுது சாய்கிறவரை பார்த்துக்கொள்வது மகன் என்று ஆயிற்று. பேசி வைத்துக்கொண்டதில்லை. முனகிக்கொண்டேதான் செய்வார். செய்தார்.

முதல் ஞாயிறு எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. திருமுக்கூடலுக்குப் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா கொல்லையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தனியாக, கையில் பைகூட இல்லாமல் நான் வந்து நிற்பதைப் பார்த்ததும் கீரையைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

"இன்னா ஆச்சி? யாருக்கு இன்னா?"

"ஒண்ணும் ஆவல."

"மாமனாருக்கா?"

"இல்லம்மா. நல்லா கீறாரு. சும்மாதான் வந்தேன்."

அம்மா நம்பவில்லை. சோறு போட்டுக்கொண்டே ரெண்டு மூன்று தரம் கேட்டாள், புருஷனோடு சண்டையா, அடித்தாரா என்று. இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டு முடித்தேன். பிறகு தாழ்வாரத்தில் வெறும் தரையில் படுத்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. கடைசி பஸ் வருகிற நேரமாகிவிட்டது என்று அம்மா உலுக்கி எழுப்பினாள்.